வேறுபாட்டின் கூலியை யார் கொடுப்பது?

(திருத்துறைப்பூண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மைப்படுத்தப்பட்டது.)



பேச்சு வீடியோ கேம்களைப் பற்றியது என்று அழைப்பிதழில் பார்த்த பெரியவர் ஒருவர், "பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுவதை நிறுத்த வழி சொல்லப் போகிறீர்களா?" என்று வாசலிலேயே கேட்டார். இல்லை ஐயா, அதற்கு எனக்குத் தகுதி போதாது. ஆடுகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த விளையாட்டைச் செய்கிறவர்களைப் பற்றியும், அவர்கள் போடுகிற ஒரு கணக்கைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இந்த அரங்கில் கணினி படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் சிலராவது அந்தக் கணக்கைப் போட வேண்டி வரும்.

இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் கன்சோல் என்ற கருவியைச் செய்கிறார்கள். அந்தக் கருவியில் ஓடும் விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்களில் கருவி நிறுவனத்தைச் சேராத வெளி நிறுவனங்களே மிகுதி. 1979-க்கு முன் இப்படியொரு வகையே கிடையாது. அந்த ஆண்டில் அட்டாரி நிறுவனத்திலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் சிலர் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அட்டாரியின் கருவிக்கே தாங்களாக விளையாட்டு எழுதி விற்றார்கள். அட்டாரி வழக்குத் தொடுத்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது: வெளியார் விளையாட்டு செய்யலாம், கருவிக்காரருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். தொழில் இன்றும் அந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது.

ஒரு கருவிக்காக எழுதிய விளையாட்டை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றி அமைப்பதைப் போர்ட்டிங் என்கிறார்கள். எந்தக் கருவிக்குப் போர்ட் பண்ணுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவு எதைப் பொறுத்தது? கருவியின் வலுவைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் கருவியிலிருந்து புதியது எந்த இடத்தில் விலகி நிற்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த விலகலை உண்டாக்குகிறவர் கருவி செய்தவர். அதற்குக் கூலி கொடுக்கிறவர் விளையாட்டு செய்தவர். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

இந்த ஊர் ரயில் சந்திப்பு இதை எனக்கு முன்பே சொல்லிவிட்டது. மீட்டர்கேஜ் பாதைக்கு ஒரு மீட்டர் அகலம், அகலப்பாதைக்கு 1.676 மீட்டர். அகத்தியம்பள்ளியிலிருந்து ஏறிய உப்பு, அகலப்பாதை தொடங்கும் நிலையத்தில் இறங்கி வேறு வண்டியில் ஏற வேண்டியிருந்தது. உப்பும் அதேதான், போகிற ஊரும் அதேதான். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை யாரோ ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் முடிவு செய்தார். ஏற்றி இறக்கும் வேலை சரக்குக்காரர் தலையில் விழுந்தது. திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி 37 கிலோமீட்டர், பல ஆண்டுகள் ரயிலே இல்லாமல் கிடந்துவிட்டு, 2023 ஏப்ரலில்தான் அகலப்பாதையாகத் திறந்தது. ஒரு வேறுபாட்டைக் களைய எத்தனை காலம் ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1. கேசட்டும் குறுந்தகடும்

1990களில் டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேம் பெட்டிகளை இங்குள்ள நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவோம். பல பெயர்களில் விற்ற அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். உள்ளே இருந்தது ஒரே அமைப்பு என்பதால் எந்தக் கேசட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடியது. போர்ட்டிங் என்ற தொல்லையே இல்லை. ஆனால் கான்ட்ரா என்ற விளையாட்டைச் செய்த கோனாமிக்கு அந்த நகல் கேசட்டுகளால் ஒரு பைசாகூடப் போகவில்லை. வேறுபாடு இல்லாத அந்தப் பொற்காலம், திருட்டு நகலால் நமக்குக் கிடைத்த பொற்காலம்.

முறையான சந்தையில் நிலைமை வேறு. சோனியின் பிளேஸ்டேஷன் 1994-ல் குறுந்தகட்டோடு வந்தது. நின்டெண்டோ 64 கருவி 1996-ல் வந்தபோதும் கேசட்டை விடவில்லை. கேசட் விரைவாகத் திறக்கும், நகலெடுப்பதும் கடினம். ஆனால் அதன் உச்சக் கொள்ளளவு 64 எம்பி. குறுந்தகட்டில் 650 எம்பி போல இடம் உண்டு, தயாரிப்புச் செலவும் சொற்பம். நின்டெண்டோவோடு நெடுங்காலம் நின்ற ஸ்குவேர் நிறுவனம், ஃபைனல் ஃபேன்டஸியின் 7-ஆம் பாகத்தைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. 1997-ல் அது மூன்று குறுந்தகடுகளில் வந்தது. காட்சிப்படங்கள் நிறைந்த அப்படியொரு விளையாட்டைக் கேசட்டில் அடைக்க வழியில்லை. செயலியின் வேகம் அங்கே பேச்சாகவே இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. பிளேஸ்டேஷனில் இரண்டு குறுந்தகடுகளில் வந்த காப்காமின் ரெசிடென்ட் ஈவில் 2-ஐ, ஏஞ்சல் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1999-ல் ஒரே 64 எம்பி கேசட்டில் அடக்கிக் காட்டியது. படத்துண்டுகளையும் ஒலியையும் சுருக்கிச் சுருக்கி, ஏறத்தாழ முழு விளையாட்டையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அற்புதம். ஆனால் ஒரு அற்புதத்தைச் செய்தால்தான் ஒரு கருவிக்குப் போக முடியும் என்றால், பெரும்பாலோர் அங்கே போகமாட்டார்கள்.

2. வலு ஒன்று, கட்டுமானம் வேறு

என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மாணவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 நவம்பர் 2005-ல் வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 ஓராண்டு கழித்து வந்தது. காகிதத்தில் இரண்டும் ஒரே தட்டு. இரண்டின் செயலியும் 3.2 கிகாஹெர்ட்ஸ், இரண்டிலும் நினைவகம் மொத்தம் 512 எம்பி. எக்ஸ்பாக்ஸில் ஒரே மாதிரியான மூன்று செயலிக் கருக்கள், அந்த 512-ம் ஒரே குளம். எதற்கு எவ்வளவு வேண்டுமோ மொண்டுகொள்ளலாம்.

பிளேஸ்டேஷன் 3-ல் செல் என்ற செயலி. ஒரு தலைமைக் கரு, விளையாட்டுக்காரர் பயன்படுத்த ஆறு துணைக் கருக்கள். ஒவ்வொரு துணைக் கருவுக்கும் சொந்தமாக 256 கேபி இடம் மட்டுமே. பொது நினைவகத்தை அது நேரடியாகத் தொட முடியாது. நிரலாளர்தான் தரவைத் துண்டு போட்டு அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவர வேண்டும். நினைவகமும் 256, 256 என்று நடுவில் சுவர் வைத்த இரண்டு அறைகள். எக்ஸ்பாக்ஸில் படங்களுக்கு 200, மற்றவற்றுக்கு 300 என்று பிரித்து எழுதிய விளையாட்டு, இங்கே வந்ததும் ஒரு பக்கம் வழிந்து மறுபக்கம் காலியாகக் கிடக்கும்.

நன்றாகப் பழகியவர்கள் கையில் அந்தக் கருவி எக்ஸ்பாக்ஸைவிட அழகாகவே ஓடியது. சோனியின் சொந்தக் குழுக்கள் அதைக் காட்டின. ஆனால் வெளி நிறுவனங்களுக்கு இரண்டு கருவியும் வேண்டும். முதலில் வந்த, எளிதான எக்ஸ்பாக்ஸில் எழுதிவிட்டுப் பிறகு பிளேஸ்டேஷனுக்குப் போர்ட் பண்ணியவர்கள் சிக்கினார்கள். கிரைடீரியன் போன்ற சில புத்திசாலிகள் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். பர்ன்அவுட் பாரடைஸ் என்ற கார் பந்தய விளையாட்டைக் கடினமான பிளேஸ்டேஷன் 3-ல் தொடங்கி, அங்கிருந்து எக்ஸ்பாக்ஸுக்கு வந்தார்கள். துண்டு துண்டாக எழுதிய நிரல் எங்கும் ஓடும். ஒரே மொத்தையாக எழுதியதைப் பின்னால் துண்டாக்குவது நரகம்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. பெதெஸ்டாவின் ஸ்கைரிம் நவம்பர் 2011-ல் இந்த இரண்டு கருவிகளுக்கும் ஒரே நாளில் வந்தது. பிளேஸ்டேஷன் 3-ல் மட்டும், ஆட ஆடச் சேமிப்புக் கோப்பு பெருத்து, ஒரு கட்டத்தில் விளையாட்டே தள்ளாடத் தொடங்கியது. அதன் முதல் கூடுதல் பகுதியான டான்கார்ட், எக்ஸ்பாக்ஸுக்கு ஜூன் 2012-ல் வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்கள் பிப்ரவரி 2013 வரை காத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த பணம் ஒன்றும் குறைச்சல் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சோனியின் அடுத்த நடவடிக்கை. அடுத்த கருவியை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்ற மார்க் செர்னி, நேராக வெளி நிறுவனங்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு ஒரு கணக்கைப் பொதுமேடையிலேயே சொன்னார். புதுக் கருவி ஒன்று கையில் கிடைத்த பின், திரையில் முதல் காட்சியை வரைய வைக்க ஒரு குழுவுக்கு எத்தனை காலம் பிடிக்கும்? முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றிரண்டு மாதம். இரண்டாவதில் 3 முதல் 6 மாதம். மூன்றாவதில் 6 முதல் 12 மாதம். நான்காவதில் மறுபடியும் ஒன்றிரண்டு மாதம்.

2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் பிசியில் உள்ள அதே வகைச் செயலி, ஒரே குளமாக 8 ஜிபி நினைவகம். போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அதே ஏஎம்டி நிறுவனத்தின் எட்டுக் கருச் செயலி. வேறாக இருப்பதையே பெருமையாகக் கொண்டிருந்த நிறுவனம், வேறாக இருப்பதைக் கைவிட்டது. ஒரு கருவி நிறுவனம் வெளியாரின் கூலியைக் கணக்கில் எடுத்துத் தன் வடிவமைப்பை மாற்றியதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

3. நம் ஸ்ரீபெரும்புதூர்

கன்சோல் கதை நமக்குத் தொலைவாகத் தோன்றலாம். இதே சிக்கலை நூறு மடங்காக அனுபவித்த தொழில் ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. அதன் கருவிகள் சென்னைக்குப் பக்கத்திலேயே செய்யப்பட்டன. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. நம் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள். அங்கே கைபேசி கோத்த பெண்களில் யாருக்கும், ஒவ்வொரு மாடலும் மும்பையிலோ ஐதராபாத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒரு நிரலாளருக்குக் கூடுதலாக ஒரு இரவு வேலை என்பது தெரிந்திருக்காது.

அந்தக் காலத்துக் கைபேசி விளையாட்டுகள் ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பது ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் வாக்குறுதி. நடைமுறை என்ன? நோக்கியா 3100-ல் திரை 128-க்கு 128 புள்ளி. 6600-ல் 176-க்கு 208. சோனி எரிக்சன் கே750-யில் 176-க்கு 220. பிறகு வந்த நோக்கியா 6300-ல் 240-க்கு 320. ஒவ்வொன்றுக்கும் படங்களை மறுபடி வரைய வேண்டும். தொடக்கக்கால நோக்கியா சீரிஸ் 40 கைபேசிகள் 64 கேபிக்கு மேற்பட்ட விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தன. இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் படம், ஒலி, நிரல் மூன்றும் அடங்க வேண்டும். ஆகவே நோக்கியா 3100 பதிப்பில் இசை இருக்காது, எதிரிகளில் இரண்டு வகை குறையும்.

இன்னொரு வேடிக்கை. திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கும் இரண்டு பொத்தான்கள், அன்றைய பெரும்பாலான கைபேசிகளில் இருந்தன. அவற்றை அழுத்தினால் நோக்கியா கைபேசி நிரலுக்கு அனுப்பும் எண்கள் -6, -7. மோட்டோரோலா அனுப்புவது -21, -22. சீமென்ஸ் -1, -4. இதில் எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பொறியாளர் மற்றொரு நிறுவனத்தாரோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்தப் பேசாமையின் விலை, ஒவ்வொரு விளையாட்டிலும் ஒவ்வொரு கைபேசிக்கும் தனிப் பதிப்பு, தனிச் சோதனை.

1999-ல் மும்பையில் தொடங்கிய இந்தியாகேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தச் சுழலில்தான் வளர்ந்தன. ஒரு விளையாட்டைச் செய்ய ஒரு சிறு குழு போதும். அதைக் கைபேசிகளுக்கெல்லாம் பரப்ப அதைவிடப் பெரிய குழு தேவைப்பட்டது. அலமாரி நிறையக் கைபேசிகள், ஒவ்வொன்றிலும் ஏற்றி, அழுத்தி, பார்த்துக் குறிப்பெழுதும் இளைஞர்கள். இந்தியாவில் விளையாட்டுத் தொழில் என்று பலர் முதலில் கற்றது, விளையாட்டு வடிவமைப்பை அல்ல, போர்ட்டிங்கை. இதனால் நன்மையும் வந்தது, வேலை கிடைத்தது. ஆனால் அந்த உழைப்பெல்லாம் புதிதாக எதையும் படைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தனை திறமையும் கைபேசி நிறுவனங்களின் ஒற்றுமையின்மையைச் சரிக்கட்டவே செலவாயிற்று.

அந்த வேறுபாட்டுக்கு முடிவு கட்டியவை ஐபோனும் ஆண்ட்ராய்டும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஆண்ட்ராய்டிலும் திறன் குறைந்த கைபேசிகளுக்கென்றே 2019-ல் பப்ஜி மொபைல் லைட் என்று தனிப் பதிப்பு இந்தியாவுக்கு வந்ததை இங்குள்ள மாணவர்கள் அறிவார்கள். அதை யார் ஆடினீர்கள் என்று கேட்க மாட்டேன், பெற்றோர் இருக்கிறார்கள்.

4. மெலிந்தவரோடு நடப்பவர்

இதுவரை சொன்னவை வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கு இடையிலான வேறுபாடு. இப்போது ஒரே நிறுவனமே இரண்டு கருவி செய்கிறது. நவம்பர் 2020-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் என்று இரட்டையரை இறக்கியது. இந்தியாவில் அப்போது பெரியதன் விலை 49,990 ரூபாய், சின்னது 34,990. பெரியதில் 16 ஜிபி நினைவகம், சின்னதில் 10. நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: பெரியதில் உள்ள அம்சங்கள் சின்னதிலும் இருக்க வேண்டும். படத்தின் கூர்மையைக் குறைக்கலாம், அம்சத்தைக் குறைக்கக் கூடாது.

படத்தின் கூர்மையைக் குறைப்பது எளிது. நினைவகம் அப்படியல்ல. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் 3, ஆகஸ்ட் 2023-ல் பிசிக்கும் அடுத்த மாதம் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. இரண்டு பேர் ஒரே திரையைப் பிரித்து ஆடும் வசதி, சின்னப் பெட்டியின் 10 ஜிபிக்குள் அடங்க மறுத்தது. சின்னதில் ஓடாததால் பெரியது வாங்கியவருக்கும் விளையாட்டு இல்லை. கடைசியில் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்து, சின்னதில் மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியிட அனுமதித்தது. டிசம்பரில் வந்தது. விட்டுப்போன வசதி 2025 ஏப்ரலில்தான் சேர்ந்தது. சீனாவின் கேம் சயன்ஸ் செய்த பிளாக் மித் வூகாங், பிசிக்கும் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்து சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 20 அன்று எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. அந்த 10 ஜிபியைத்தான் அதன் தலைவர் ஃபெங் ஜியும் சுட்டிக்காட்டினார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. போலந்தின் சிடி புரொஜெக்ட், சைபர்பங்க் 2077-ஐ 2013-ஆம் ஆண்டுக் கருவிகளிலும் ஓடும் என்று சொல்லி டிசம்பர் 2020-ல் விற்றது. அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பச் சேர்த்தது 2021 ஜூனில். எந்தக் கருவியை விட்டுவிடுவது என்று உரிய காலத்தில் முடிவெடுக்காததும் ஒரு முடிவுதான். அதற்கும் கூலி உண்டு.

5. இங்கே விற்காத கருவிக்காக இங்கே எழுதியவர்கள்

இதுவரை சொன்னதை வைத்து, வலு குறைந்த கருவியை எல்லாரும் ஒதுக்குவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சில் 4 ஜிபி நினைவகம்தான். அக்காலத்துப் பெரிய கன்சோல்களோடு பார்த்தால் பொம்மை. ஆனால் வாங்கியவர்கள் கோடிக்கணக்கில். அதனால் விட்சர் 3 போன்ற மாபெரும் விளையாட்டையும் சேபர் இன்டராக்டிவ் நிறுவனம் 2019-ல் 32 ஜிபி அட்டை ஒன்றில் அடக்கி அதற்குக் கொண்டுவந்தது. வேறுபாட்டின் கூலி பெரிதுதான். வாங்குகிறவர் தொகை அதைவிடப் பெரிதானால் கணக்கு நேராகிவிடும்.

இந்தியக் குழு ஒன்று இதே கருவியோடு நடத்திய கதை இன்னும் சுவையானது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக், இந்தியப் புராணச் சூழலில் நடக்கும் விளையாட்டு. 2017-ல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்ட முயன்று முடியவில்லை. நிறுவனர்களில் ஒருவர் வீட்டை விற்றுப் பணம் போட்டார். கடைசியில் அது 2020 ஆகஸ்டில் ஸ்விட்ச்சுக்கு மட்டும் முதலில் வந்தது. பிசி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு அக்டோபரில்தான். நின்டெண்டோ அப்போது இந்தியாவில் ஸ்விட்ச்சை முறைப்படி விற்கவே இல்லை. புனேயில் செய்த விளையாட்டை, புனேக்காரர் ஒருவர் முதல் நாளில் ஆட வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வந்த கருவி வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்விட்ச் கடை அப்போது சிறிய விளையாட்டுகளை முன்னால் வைத்துக் காட்டியது, வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தார்கள், அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் ராஜி வந்தது. மெலிந்த கருவியில் முதலில் ஓடவைத்ததால், வலுவான கருவிகளுக்குப் போவது பின்னால் ஏறுவதாக இருந்தது, இறங்குவதாக இல்லை. இந்த வரிசைதான் சரி என்பது என் முடிவு.

6. வெண்பா

டொரோன்டோவில் அபி என்ற இளைஞர் தொடங்கிய விசை கேம்ஸ் செய்த விளையாட்டு வெண்பா. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறும் ஒரு குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. 2023 ஜூலை 31 அன்று பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் ஒரே நாளில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சுதந்திர விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் பெற்றது.

பெரிய நிறுவனங்களே ஒரு கருவிக்காக ஓராண்டு தள்ளிப்போடும் காலத்தில், ஒரு சிறு குழு எப்படி அத்தனை கருவிக்கும் ஒரே நாளில் வந்தது? விளையாட்டின் உருவத்தைப் பாருங்கள். இருபரிமாணப் படங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதை. பொருளை எடுத்து வைக்கும் அளவுக்குத்தான் கையசைவு. கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்களை, அதாவது நினைவகத்தையும் வரைகலை வேகத்தையும், அந்த விளையாட்டு கிட்டத்தட்டத் தொடவே இல்லை. அதனால் விலகலுக்கான கூலியும் மிகக் குறைவு.

கூலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கருவிக்காரருக்கும் தனித் தேர்வு உண்டு. ஆடும்போது கைப்பிடியின் இணைப்பு அறுந்தால் விளையாட்டு தானாக நிற்க வேண்டும், இன்ன இடத்தில் இன்ன சொல் வர வேண்டும் என்று நீளமான பட்டியல் இருக்கும். அதில் தேறாமல் கடைக்கு வர முடியாது.

தமிழில் செய்ய நினைப்பவருக்கு மேலும் ஒரு சுமை உண்டு. கொ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி க, பிறகு ொ என்ற குறி என்று இரண்டாகத்தான் சேமிக்கிறது. திரையில் வரையும்போது அந்தக் குறி உடைந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். கைபேசியிலும் பிசியிலும் இந்த வேலையை இயங்குதளமே செய்துவிடும். விளையாட்டு எஞ்சின்கள் எழுத்தைத் தாங்களே வரைகின்றன. பலரும் பயன்படுத்தும் யூனிட்டி எஞ்சினின் வழக்கமான எழுத்துக் கருவி, நெடுங்காலமாக இந்திய எழுத்துகளை இப்படிக் கோத்து வரையத் தெரியாமலே இருந்தது. மார்ச் 2023-ல் வந்த கோடோ 4 என்ற இலவச எஞ்சின் அதைச் சரியாகச் செய்கிறது. ஸ்விட்ச் கருவியின் அமைப்பு மொழிகளில் தமிழ் கிடையாது. எழுத்துருவையும் நீங்களே விளையாட்டுக்குள் சுமந்துபோக வேண்டும். எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டித் தப்பிப்பவர்கள் உண்டு. திருத்தம் வரும்போதெல்லாம் அந்தப் படத்தை மறுபடி செய்துகொண்டிருப்பார்கள். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே அதில் "கொக்கு" என்று எழுதிப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் ப்ராஜெக்ட்டுகள் ஆய்வகத்தின் புதுக் கணினியில் ஓடுகின்றன, மதிப்பெண் வாங்குகின்றன, அத்தோடு முடிகின்றன. ஆய்வகத்தில் ஒரு அலமாரியை ஒதுக்குங்கள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு மேசை அறையில் கிடக்கும் பழைய கைபேசிகள், திரை கீறிய டேப்லெட்டுகள், அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி அதில் அடுக்குங்கள். மாணவர் செய்தது அவற்றில் மிகவும் பழையதில் ஓடிய பிறகே மதிப்பெண் போடுங்கள். அலமாரிக்கான செலவை ஏற்க இந்த அறக்கட்டளையினர் முன்வந்தால், முதல் பழைய கைபேசியை நான் தருகிறேன்.